செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒவ்வோராண்டும் மார்ச் கழிந்து ஏப்ரல் பிறக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி எழும். போட்டித்தொடர் முடிந்துவிடும். தோற்ற அணிகளின் பயிற்சியாளர்களில் சிலர் நீக்கப்பட்டிருப்பார்கள். காலியான அந்த நாற்காலிகளுக்கு, வென்ற அணிகளின் பயிற்சியாளர்கள் பெயர் அடிபடும். 'அவர் போக வேண்டுமா, இருக்க வேண்டுமா?' என்று ஊர் ஊராக விவாதம் கிளம்பும். உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். போனால் துரோகம் என்பது ஒரு கட்சி. தொழில்தானே, நல்ல சம்பளம் கிடைத்தால் யார்தான் போகமாட்டார் என்பது மற்றது. இரண்டும் சோம்பேறித்தனமான வாதங்கள் என்பதே என் தரப்பு. இரண்டுமே கணக்கில் ஒரு தரப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தத் தரப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இலக்கியம் பேசும் இடத்தில் கூடைப்பந்து எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். விசுவாசம், நன்றி, துரோகம் ஆகிய சொற்களை வைத்துக்கொண்டுதான் நாம் பாதி நூல்களை விமர்சனம் செய்கிறோம். அந்தச் சொற்கள் கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்தில் எப்படி வளைகின்றன என்று பார்ப்பது நமக்கும் தேவைதான்.

எடுத்துக்காட்டாக ராய் வில்லியம்ஸை எடுத்துக்கொள்கிறேன். இந்த விவாதத்தில் அவரைவிடச் சிக்கலான உதாரணம் கிடைப்பது அரிது. அவர் வட கரோலினாவின் மலைப்பகுதியில் பிறந்து ஆஷ்வில்லில் வளர்ந்தவர். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் படித்தார். சில ஆண்டுகள் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியளித்த பின், 1978 முதல் 1988 வரை அதே பல்கலைக்கழகத்தில் டீன் ஸ்மித்துக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 1988இல் கான்ஸஸ் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது. அதுவரை அவர் எந்தக் கல்லூரிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. கான்ஸஸ் அப்போதுதான் தேசியப் பட்டம் வென்றிருந்தது. வென்றுகொடுத்த லாரி பிரௌன் உடனே தொழில்முறைக் கூட்டமைப்புக்குப் போய்விட்டார். விதிமீறல்களுக்காகக் கான்ஸஸ் மறு ஆண்டுப் போட்டித்தொடரில் ஆடவே தடை விதிக்கப்பட்டது. அந்த இக்கட்டில், பெயர் தெரியாத ஒருவரை, அவருடைய குருவின் சொல்லை நம்பி அந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

இந்த இரு பல்கலைக்கழகங்களின் உறவு சம்பந்திகள் உறவு மாதிரி. கூடைப்பந்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1898இல் கான்ஸஸுக்கு வந்து அதன் முதல் பயிற்சியாளரானார். (வென்றதைவிடத் தோற்றது அதிகம் என்ற கணக்குள்ள ஒரே கான்ஸஸ் பயிற்சியாளர், ஆட்டத்தைக் கண்டுபிடித்த இந்த மனிதர்தான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை.) அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடி 1952இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர் டீன் ஸ்மித். ஸ்மித் வட கரோலினாவுக்குப் போய் 1961 முதல் 1997 வரை 36 பருவங்கள் அங்கே பயிற்சியளித்தார். அவரிடம் ஆடியவர் லாரி பிரௌன். அவர் கான்ஸஸுக்குப் போனார். அவருக்குப் பின் வில்லியம்ஸ். கான்ஸஸ் தன் மகனைக் கொடுத்து வட கரோலினாவின் மகன்களைத் தத்தெடுத்துக்கொண்ட கதை இது.

2000ஆம் ஆண்டுக் கோடையில் பில் கத்ரிஜ் ஓய்வு பெற்றதும், வட கரோலினா எதிர்பார்த்தபடியே வில்லியம்ஸை அழைத்தது. ஸ்மித்தின் விருப்பமும் அதுவே. வில்லியம்ஸ் ஒரு வாரம் தவித்தார். ஜூலை 6 அன்று லாரன்ஸ் நகரத்தின் கால்பந்து மைதானத்தில் ஏறத்தாழ 16,000 பேர் கூடி, செய்தியாளர் சந்திப்பைப் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிறேன் என்றார். இப்படியொரு செய்தியாளர் சந்திப்பு இனி நடந்தால் அது நான் ஓய்வு பெறும்போதோ சாகும்போதோதான் என்ற பொருளிலும் பேசினார். மைதானம் அதிர்ந்தது.

அவர் அழைக்கப்பட்ட இடத்துக்கு அவரிடமே உதவியாளராக இருந்த மாட் டோஹர்ட்டி போனார். டோஹர்ட்டி அதற்கு ஓராண்டு முன்புதான் நோட்டர் டேமில் பொறுப்பேற்றிருந்தார். வட கரோலினாவில் அவருடைய இரண்டாம் பருவம் 8 வெற்றி, 20 தோல்வி என்று முடிந்தது. மாணவர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2003 ஏப்ரல் 1 அன்று பதவி விலகினார். அப்போது கான்ஸஸ் தேசிய அரையிறுதிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 7 அன்று நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஆட்டம். கான்ஸஸ் 81-78 என்று சிரக்யூஸிடம் தோற்றது. ஆட்டம் முடிந்த கையோடு தொலைக்காட்சி நிருபர் பானி பெர்ன்ஸ்டீன் வட கரோலினா பற்றிக் கேட்டார். வில்லியம்ஸ் கொதித்துப்போய், அந்த இடத்தைப் பற்றி இப்போது எனக்குக் கவலையில்லை என்று ஒரு கொச்சைச் சொல்லோடு நேரலையில் பதிலளித்தார். நிருபருக்கு இங்கிதமில்லை என்று பலர் அன்று திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவர் கேட்டார், அவ்வளவுதான். ஏழு நாட்கள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, வில்லியம்ஸ் தம் அணியைக் கூட்டிச் சொல்லிவிட்டு வட கரோலினாவுக்குக் கிளம்பினார்.

துரோகக் கட்சியினரின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கான்ஸஸ் அவருக்கு வாழ்வளித்தது. அவர் வாக்குக் கொடுத்தார். மூன்றாண்டுகளில் அதை மீறினார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் அடுத்து என்ன செய்தது? ஒரு வாரத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பில் செல்ஃபைத் தூக்கிக்கொண்டு வந்தது. செல்ஃப் இல்லினாயில் இருந்தது மூன்றே பருவங்கள். அதற்கு முன் டல்சாவிலிருந்து வந்தவர். இல்லினாய் தன் பங்குக்குத் தெற்கு இல்லினாயின் புரூஸ் வெபரை எடுத்துக்கொண்டது. டோஹர்ட்டியை இழந்த நோட்டர் டேம் மூன்றாண்டுகளுக்கு முன்பே டெலவேரிலிருந்து மைக் பிரேயை எடுத்திருந்தது. லாரன்ஸ் நகரத்துக் கண்ணீரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நூற்றில் ஒரு பங்காவது டெலவேரின் கண்ணீரைப் பற்றி எழுதப்பட்டிருக்குமா? மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடமிருந்து எடுத்துக்கொண்டால் அது நியமனம். தனக்கு மேலே இருப்பவன் தன்னிடமிருந்து எடுத்தால் அது துரோகம். இந்த இரட்டை நாவைத்தான் விசுவாசம் என்று அழகான பெயரிட்டு விற்கிறார்கள்.

இந்தச் சங்கிலியின் முடிவு வேடிக்கையானது. 2005 இறுதி ஆட்டத்தில் வில்லியம்ஸின் வட கரோலினா 75-70 என்று வென்றது. தோற்ற அணி இல்லினாய். செல்ஃப் விட்டுச்சென்ற, அவர் திரட்டிய மாணவர்களை முதுகெலும்பாகக் கொண்ட அணி. வென்ற அணியின் முக்கிய ஆட்டக்காரர்களான ஷான் மே, ரேமண்ட் ஃபெல்டன், ரஷாத் மக்கன்ட்ஸ் மூவரும் டோஹர்ட்டி திரட்டியவர்கள். ஆக, அந்த இரவு களத்தில் நின்ற இரு அணிகளின் நடுநாயகங்களும், தங்களை வீடு தேடி வந்து அழைத்த மனிதரிடம் ஆடவில்லை.

நம்மூர்ப் பட்டிமன்றங்களில் கும்பகர்ணனா விபீடணனா என்று காலங்காலமாக வாதிட்டு வருகிறோம். செஞ்சோற்றுக் கடன் தீர்க்க மடிந்தவன் உயர்ந்தவனா, அறத்தின் பக்கம் போனவன் உயர்ந்தவனா? பயிற்சியாளர் விவகாரத்தையும் இதே அச்சில் வார்க்கத் தோன்றுவது இயல்பு. அது பொருந்தாது என்பது என் எண்ணம். அங்கே சோறு போட்டவன் அரசன் என்பதில் ஐயமில்லை. இங்கே சோறு யாருடையது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஆடவர் கூடைப்பந்துப் போட்டித்தொடரின் ஒளிபரப்பு உரிமைக்காக சி.பி.எஸ். நிறுவனத்தோடு 1999இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. பதினொரு ஆண்டுகளுக்கு 600 கோடி டாலர். 2010இல் அது பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் என்று புதுப்பிக்கப்பட்டது. இந்தப் பணம் எதைக் காட்டி வந்தது? பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் ஓடியதைக் காட்டி. அன்று அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு. அதற்குமேல் ஊரார் ஒருவர் பிரியத்தோடு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தாலும் விதிமீறல். பயிற்சியாளரின் சம்பளமோ கோடிகளில். எனவே செஞ்சோறு என்று ஒன்று இருந்தால் அதைச் சமைத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். பல்கலைக்கழகம் பரிமாறியது, அவ்வளவே. பயிற்சியாளருக்குக் கடன் இருக்கிறது. அந்தக் கடன் கான்ஸஸ் என்ற கல்வெட்டுக்கோ மைதானத்தில் கூடிய 16,000 பேருக்கோ அன்று, சமைத்தவர்களுக்கு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் வில்லியம்ஸின் இரு முடிவுகளும் வேறு வண்ணத்தில் தெரிகின்றன. 2000ஆம் ஆண்டில் நிக் காலிசன், கர்க் ஹைன்ரிக், ட்ரூ கூடன் மூவரும் முதலாண்டை முடித்திருந்தார்கள். நான் இருப்பேன் என்று நம்பவைத்து அழைத்துவந்த பிள்ளைகளை ஒரே ஆண்டில் விட்டுப் போவது கூடாது என்பது உண்மையான காரணம். அதற்காக அவர் இருந்தது சரி. கூடன் 2002இல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். காலிசனும் ஹைன்ரிக்கும் நான்கு ஆண்டுகளையும் முடித்து 2003இல் வெளியேறினார்கள். அவர்களுக்கான கணக்கு நேராகிவிட்டது. 15 ஆண்டுகள், 418 வெற்றிகள், நான்கு முறை இறுதி நால்வர் சுற்று. கான்ஸஸ் என்ற நிறுவனத்துக்கும் அவர் பாக்கி வைத்ததாகச் சொல்ல முடியாது.

ஆனால் வேய்ன் சிமியன் இருந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய வலத் தோள் இடம் பெயர்ந்தது. அதோடு ஆட முயன்றார், முடியவில்லை. போட்டித்தொடரையே இழந்து, அறுவை சிகிச்சைக்குப் போனார். ஏப்ரல் 14 அன்று வில்லியம்ஸ் விடைபெற்றதும், அந்த மனிதருக்காக என் வலக்கையையே கொடுத்தேன் என்ற பொருள்பட அவர் சொன்னார். விவாதம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் படும் வாக்கியம் இது ஒன்றுதான். உவமையாகச் சொல்லப்படுவது அவர் உடம்பில் நடந்திருந்தது.

டேவிட் பாஜெட்டும் இருந்தார். வில்லியம்ஸ் தேர்ந்தெடுத்த உயரமான நடுக்கள ஆட்டக்காரர். அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் கான்ஸஸுக்கு வருவதாகக் கையெழுத்திட்டிருந்தார். அந்தக் கடிதம் பல்கலைக்கழகத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம், பயிற்சியாளரோடு அன்று. பையன் கையெழுத்திடுவது ஒரு மனிதரை நம்பி. கட்டுப்படுவது ஒரு கட்டடத்துக்கு. வில்லியம்ஸ் போனார், பாஜெட் கான்ஸஸுக்கு வந்தார், ஓராண்டு செல்ஃபிடம் ஆடினார். பிறகு லூயிவில்லுக்கு மாறினார். மாறியதற்காக 2004-05 பருவம் முழுவதும் களத்தில் இறங்காமல் உட்கார வேண்டியிருந்தது. அதுதான் அன்றைய விதி. ஐம்பது வயதைக் கடந்த பயிற்சியாளர் திங்கட்கிழமை ஓரிடத்தில் விடைபெற்று அன்றைக்கே இன்னோரிடத்தில் மாலை வாங்கிக்கொள்ளலாம். பத்தொன்பது வயதுப் பிள்ளை இடம் மாறினால் ஓராண்டு தண்டனை. அந்த விதிக்கு அவர்கள் வைத்திருந்த நியாயம், மாணவனின் கல்வி நலன்!

கல்வி நலன் என்றதும் சாப்பல் ஹில்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1993 முதல் 2011 வரை அங்கே ஒரு துறையில், வகுப்பே நடக்காமல் ஒரே ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் வழங்கும் பாடங்கள் நடந்தன என்பதை 2014இல் வெளியான வெயின்ஸ்டீன் அறிக்கை உறுதிப்படுத்தியது. 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் அப்படிப் 'படித்தார்கள்'. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு மாணவர்கள். தாமும் அத்தகைய பாடங்களில் சேர்க்கப்பட்டதாக மக்கன்ட்ஸ் அதே ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். தமக்கு எதுவும் தெரியாது என்று வில்லியம்ஸ் மறுத்தார். பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன என்பதால் தண்டிக்க வழியில்லை என்று 2017இல் என்.சி.ஏ.ஏ. கைகழுவியது. சம்பளத்துக்குப் பதிலாகக் கல்வி தருகிறோம் என்று சொன்னவர்கள் கொடுத்த கல்வியின் இலட்சணம் இது. சாப்பல் ஹில் மட்டும் என்று எண்ண வேண்டாம். அங்கே வெளியே வந்தது.

இனி 'தொழில்தானே' கட்சி. இவர்கள் யதார்த்தவாதிகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு கணக்காளர் நிறுவனம் மாறினால் யாரும் அழுவதில்லை, பயிற்சியாளர் மட்டும் என்ன என்று கேட்கிறார்கள். கணக்காளர் ஒரு பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவன் தாயின் எதிரே உட்கார்ந்து, உங்கள் பிள்ளையை நான்கு ஆண்டுகள் என் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்வதில்லை. பயிற்சியாளர் சொல்கிறார். அதைச் சொல்வதுதான் அவர் தொழிலின் பாதி. அதைச் சொல்லிப் பிழைத்துவிட்டு, பிறகு தொழில்தானே என்பது தகாது. ஒன்று, குடும்பம் என்ற பேச்சை விட வேண்டும். அல்லது குடும்பத்துக்குரிய பொறுப்பை ஏற்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் பயிற்சியாளர்களே தங்களை வெறும் தொழிலாளர்களாக உணர்வதில்லை. 1993இல் ஜார்ஜியா டெக்கின் பாபி கிரெமின்ஸ், தாம் படித்த தென் கரோலினாவுக்குப் போவதாக ஏற்றுக்கொண்டு, சில நாட்களிலேயே மனம் பொறுக்காமல் திரும்பிவிட்டார். 2006இல் கிரெக் மார்ஷல் வின்த்ராப்பிலிருந்து சார்ல்ஸ்டன் கல்லூரிக்குப் போய் அறிமுகமும் ஆன பிறகு மறுநாளே திரும்பினார். அந்தக் காலி இடத்துக்குச் சார்ல்ஸ்டன் யாரை அமர்த்தியது தெரியுமோ? இதே கிரெமின்ஸை. 2007இல் கிரெய்ட்டனின் டானா ஆல்ட்மன் ஆர்க்கன்சாவில் ஒரே ஒரு நாள் பயிற்சியாளராக இருந்துவிட்டு வீடு திரும்பினார். அதே ஆண்டு, அடுத்தடுத்து இரு தேசியப் பட்டங்களை வென்றிருந்த ஃப்ளோரிடாவின் பில்லி டானவன், ஒர்லாண்டோ மாஜிக் அணியோடு கையெழுத்திட்ட சில நாட்களில் பின்வாங்கினார். ஐந்து ஆண்டுகள் தொழில்முறைக் கூட்டமைப்பில் பயிற்சியளிக்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துத்தான் மீள முடிந்தது. வெறும் சம்பளக் கணக்காக இருந்தால் இந்தத் தூக்கமற்ற இரவுகள் எதற்கு? மனம் ஒப்பவில்லை. நானறிந்த எந்த யதார்த்தவாதியும் இந்த நால்வரைக் கணக்கில் எடுப்பதில்லை. இவர்களில் மார்ஷல் மறு ஆண்டே விச்சிட்டாவுக்கும், ஆல்ட்மன் 2010இல் ஓரிகனுக்கும், டானவன் 2015இல் ஓக்லஹோமா சிட்டிக்கும் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திரும்பி வந்தவர்களும் பிறகு போனார்கள். எனவே அந்தத் திரும்பலைப் புனிதமாக்குவதும் வேண்டாம்.

போகாமலே இருந்தவரைப் பற்றியும் பேசுவோம். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் உள்ள சிறிய இயேசு சபைப் பல்கலைக்கழகம் கொன்ஸாகா. 1999இல் டான் மான்சன் அந்த அணியைக் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதே கோடையில் மின்னசோட்டாவுக்குப் போனார். பெரிய பல்கலைக்கழகம், பெரிய கூட்டமைப்பு. ஏழாண்டுகள் போராடி 2006இல் விலகினார். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் உட்கார்ந்த உதவியாளர் மார்க் ஃப்யூ அங்கேயே வேரூன்றிவிட்டார். வந்த அழைப்புகள் ஏதும் அவரை அசைக்கவில்லை. 2017, 2021 என இரு முறை இறுதி ஆட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். இரண்டிலும் தோல்வி. 2017இல் அவரைத் தோற்கடித்தது, 71-65 என்று, ராய் வில்லியம்ஸின் வட கரோலினா. இடம் மாறியவர் தம் மூன்றாவது பட்டத்தை, மாறாதவரை வென்று எடுத்துக்கொண்டார். விளையாட்டுக்கு நீதிக்கதை சொல்லும் பழக்கமில்லை.

ஃப்யூவைத் தியாகி என்று புகழ்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது, ஆறு பிடித்திருக்கிறது, தூண்டிலில் மீன் பிடிப்பது பிடித்திருக்கிறது. தமக்கு எது போதும் என்று தெரிந்த மனிதர். அது விவேகம். விசுவாசம் என்று அதற்குப் பெயர் சூட்டினால், மான்சனைத் துரோகி என்று சொல்ல வேண்டியிருக்கும். மான்சன் செய்தது தப்புக் கணக்கு, அவ்வளவுதான்.

2021க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. அந்த ஆண்டு ஏப்ரலில், மாணவர்கள் ஒருமுறை தண்டனையின்றி இடம் மாறலாம் என்று விதி தளர்ந்தது. ஜூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்றாயிற்று. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்ற நிலை வந்தது. 2025 ஜூனில் ஹௌஸ் வழக்கின் உடன்பாடு ஏற்கப்பட்டு, பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின.

உடனே ஒரு புலம்பல் கிளம்பிற்று. விசுவாசம் செத்துவிட்டது, பிள்ளைகள் பணத்துக்குப் பறக்கிறார்கள், ஆட்டத்தின் ஆன்மா போயிற்று. இதை யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால், தம் வாழ்நாளில் மூன்று நான்கு பல்கலைக்கழகங்கள் மாறியவர்கள்! வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில் ஓய்வு பெற்றார். இந்தப் புதிய சூழலுக்கு நான் ஏற்றவன் அல்லன் என்று தம்மையே குறை சொல்லிக்கொண்டார். அவரும் 2009இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தவர்தான் என்றாலும், அந்த நேர்மையை மதிக்கிறேன். மற்றவர்களிடம் அது இல்லை. தாங்கள் நடந்த பாதையில் பிள்ளைகள் நடப்பதைப் பார்த்து மிரள்கிறார்கள்.

ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2023இல் யாரும் எதிர்பாராமல் இறுதி நால்வர் சுற்றுக்கு வந்து, கடைசி நொடியில் விழுந்த ஒரு கூடையால் 72-71 என்று தோற்றது. பயிற்சியாளர் டஸ்டி மே அந்த ஆண்டு போகவில்லை. மாணவர்களில் பெரும்பாலோரும் போகவில்லை. அனைவரும் சேர்ந்து இன்னோராண்டு முயன்றார்கள். அது முதல் சுற்றிலேயே முடிந்தது. 2024 மார்ச்சில் மே மிச்சிகனுக்குப் போனார். விளாடிஸ்லாவ் கோல்டின் அவரோடு போனார். ஜானெல் டேவிஸ் ஆர்க்கன்சாவுக்குப் போனார். அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகத்துக்குப் போய் 2025இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். யாரும் ஓராண்டு உட்காரவில்லை. கையை இழந்தேன் என்று சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வரவில்லை. போக்கா ரட்டோனில் இருந்த விசிறிகளுக்கு வருத்தம் இருந்திருக்கும். அந்த வருத்தம் உண்மையானது; அதைக் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் ஒரு விசிறியின் வருத்தத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு பிள்ளையின் ஓராண்டைப் பறிக்கலாம் என்று யாரும் இனி என்னிடம் வாதிட முடியாது.

ஆர்க்கன்சாவுக்கு அந்த ஆண்டு பயிற்சியாளராக வந்தவர் ஜான் காலிபாரி. பதினைந்து ஆண்டுகள் கென்டக்கியில் இருந்தவர், 2012இல் அங்கே பட்டமும் வென்றவர். 2024 முதல் சுற்றில் ஓக்லாண்ட் என்ற சிறிய அணியிடம் 80-76 என்று தோற்றதும், ஊர் அவரை வெறுக்கத் தொடங்கிவிட்டது. அவர் கிளம்பினார். ஊரே விரும்பாதபோது கிளம்புவதும் துரோகமா? அவரோடு மாணவர்கள் மூவர் கென்டக்கியிலிருந்து கிளம்பினார்கள். 2003இல் சிமியனுக்கும் பாஜெட்டுக்கும் இந்த வாசல் மூடியிருந்தது.

இதில் இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. காலிசனையும் ஹைன்ரிக்கையும் நான்கு ஆண்டுகள் ஒரே சட்டையில் பார்த்து வளர்ந்த ஊர் மாதிரி இனி ஓர் ஊர் அமைவது கடினம். ஆண்டுதோறும் அணியே கலைந்து கூடுகிறது. சில பிள்ளைகள் தவறான இடத்துக்குப் போய்த் தொலைந்தும் போகிறார்கள். மான்சன் போனதைப் போல. ஆனால் பெரியவர்களுக்கு மட்டும் திறந்திருந்த கதவைப் பிள்ளைகளுக்கும் திறந்ததால் வந்த இழப்பு இது. இதைச் சரிசெய்ய வேண்டுமானால் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து, மேசையில் உட்கார்ந்து பேசட்டும். பயிற்சியாளரோடு அப்படித்தானே பேசுகிறார்கள்? விட்டுப் போனால் இவ்வளவு இழப்பீடு என்று அவர் ஒப்பந்தத்தில் எழுதுகிறார்கள். அதைப் புதிய பல்கலைக்கழகம் கட்டிவிடுகிறது. மனிதர் மகிழ்ச்சியாகப் போகிறார்.

சரி, பயிற்சியாளர் போக வேண்டுமா? நேராகவே பதில் சொல்கிறேன். போகலாம். வில்லியம்ஸ் 2003இல் போனது பிழையன்று. குருவின் வீடு, பிறந்த மண், ஆட்டங்கண்டு கிடந்த அணி. போகாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. அவர் செய்த பிழை 2000ஆம் ஆண்டில். இருந்ததில் அன்று, சாகும்வரை என்ற தொனியில் ஒரு மைதானத்துக்குச் சத்தியம் செய்ததில். அந்த மூன்று பிள்ளைகளிடம், நீங்கள் முடிக்கும்வரை இருக்கிறேன் என்று தனியே சொல்லியிருந்தால் போதும். அதை அவர் நிறைவேற்றியும் இருந்தார். சொல்ல வேண்டியவர்களுக்கு அளவாகவும், சொல்லத் தேவையில்லாதவர்களுக்கு அளவின்றியும் சொன்னார்.

இதற்கு மறுப்பாகக் கான்ஸஸின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஆல் போலைக் காட்டுவார்கள். வில்லியம்ஸுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்தது. வில்லியம்ஸைத் தக்கவைக்கலாம் என்ற நம்பிக்கையில் ஏப்ரல் 9 அன்று போலைப் பதவி நீக்கினார்கள். வில்லியம்ஸ் என்னைக் கையிலிருந்த புறாவைப் போல நசுக்கிவிட்டார் என்று போல் தம் வீட்டு வாசலில் நின்று செய்தியாளர்களிடம் பொருமினார். ஐந்து நாட்களில் வில்லியம்ஸும் போய்விட்டார். பாருங்கள், எவ்வளவு கல்நெஞ்சம் என்பது அவர்கள் வாதம். பயிற்சியாளர் ஒருவருக்காகத் தன் அதிகாரியையே பலி கொடுத்த பல்கலைக்கழகம், அதே வாரத்தில் தோளில் கட்டோடு இருந்த சிமியனுக்கு என்ன கொடுக்க முன்வந்தது என்று நான் கேட்கிறேன்.